ஆக்சஸ் அறிக்கைகளில் டிலுக்அப்: வேகம் குறித்த ஒரு மதிப்பீடு

மருந்து மொத்த விற்பனை செய்யும் ஓர் அலுவலகத்தின் மாத விற்பனை அறிக்கையைச் சீர்செய்யும் பொறுப்பு எனக்கு வந்தபோது, அதன் ஒவ்வொரு வரியிலும், வேறோர் அட்டவணையிலிருந்து ஒரு மதிப்பைத் தேடித் தரும் டிலுக்அப் (DLookup) என்ற ஃபங்ஷன் ஐந்து முறை எழுதப்பட்டிருந்தது. மருந்தின் பெயர், தயாரிப்பு நிறுவனத்தின் பெயர், வாங்கிய கடையின் பெயர், அந்தக் கடை இருக்கும் வழித்தடம், ஜிஎஸ்டி விகிதம் ஆகிய ஐந்தும் வெவ்வேறு அட்டவணைகளில் இருந்தமையால், எழுதியவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி வைத்து, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு டிலுக்அப் போட்டிருந்தார். அறிக்கை பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. ஆனால் அதை அச்சுக்குக் கொடுத்த கணக்காளர் மதிய உணவை முடித்துத் திரும்பும் வரையில் கடைசிப் பக்கம் வந்திருக்காது. தரவுத்தள மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ஆக்சஸின் டிலுக்அப்பை அறிக்கைகளில் பயன்படுத்துவது பற்றிய இந்த மதிப்பீட்டை அந்த அறிக்கையை முன்வைத்தே எழுதுகிறேன். அங்கே நேர்ந்த தாமதத்தை மென்பொருளின் கோளாறாக நான் கருதவில்லை. ஒற்றை மதிப்பை எடுத்துத் தருவதற்காகச் செய்யப்பட்ட கருவியை ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவில் வைத்ததன் விளைவு அது.

இந்த ஃபங்ஷன் ஏன் இவ்வளவு பேருக்குப் பிடித்திருக்கிறது என்பது எளிதில் புரியக்கூடியதே. எந்தப் புலம் (அட்டவணையின் நெடுவரிசை) வேண்டும், அது எந்த அட்டவணையில் இருக்கிறது, எந்த நிபந்தனைக்கு உட்பட்டது என்ற மூன்றை மட்டும் எழுதினால் விடை வந்துவிடுகிறது. தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் ஒரு வரிகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நம் அலுவலகங்களில் ஆக்சஸுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் எக்செலில் பல ஆண்டுகள் புழங்கியவர்கள். இன்னொரு தாளிலிருந்து ஒரு பெயரை எடுக்க வேண்டும் என்றால் "விலுக்அப் போட்டு எடுத்துவிடலாம்" என்று சொல்லிப் பழகியவர்களுக்கு, ஏறத்தாழ அதே பெயரும் அதே வேலையும் கொண்ட டிலுக்அப் வீட்டுத் திண்ணையைப் போல் இருக்கிறது. ஆனால் எக்செலில் கோப்பு முழுவதும் ஏற்கெனவே நினைவகத்தில் திறந்து கிடக்கிறது. தரவுத்தளத்தில் அப்படி இல்லை. அங்கே தரவு கோப்பிலோ சர்வரிலோ இருக்கிறது, ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. பழக்கம் எக்செலிலிருந்து வந்துவிடுகிறது, அந்தப் பழக்கத்துக்கு அடியில் இருந்த வசதி வருவதில்லை.

டிலுக்அப்பை ஒரு முறை அழைப்பது என்பது ஒரு தனி வினவலை, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரு கேள்வியை, முழுமையாக ஓட்டுவதற்குச் சமம். நாம் எழுதிய மூன்று சொற்றொடர்களைச் சேர்த்து ஆக்சஸ் ஒரு வினவலை உருவாக்குகிறது, அதைப் படித்துப் பொருள் கொள்கிறது, எந்த வழியில் தேடலாம் என்று திட்டமிடுகிறது, அட்டவணையைத் திறக்கிறது, ஒரு மதிப்பை எடுக்கிறது, மூடிவிடுகிறது. அடுத்த வரியில் அதே மருந்து மீண்டும் வந்தாலும் முந்தைய விடையை அது நினைவில் வைத்திருப்பதில்லை. 4,000 வரிகள் உள்ள அறிக்கையில் வரிக்கு ஐந்து டிலுக்அப் என்றால் 20,000 வினவல்கள் ஆகின்றன; ஒன்று நூறில் ஒரு பங்கு வினாடி எடுத்தாலும் மொத்தம் மூன்று நிமிடத்தைத் தாண்டிவிடும். அந்த ஒன்றே பத்தில் ஒரு பங்கு வினாடியாக நீளும்போது அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. மற்றோர் அட்டவணையின் மதிப்பைக் காட்ட டிலுக்அப்பைப் பயன்படுத்தலாம் என்றாலும், இரண்டு அட்டவணைகளின் புலங்களையும் கொண்ட ஒரு வினவலை உருவாக்கி அதன்மேல் அறிக்கையை அமைப்பது கூடுதல் திறனுடையதாக இருக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட்டின் உதவிப் பக்கமே சொல்கிறது. அதைப் பொறுமையாகப் படித்தவர்கள் குறைவு என்பதுதான் என் வருத்தம்.

தேடும் புலத்துக்கு இண்டெக்ஸ், அதாவது புத்தகத்தின் பின்னால் வரும் அகராதிப் பட்டியல் போன்ற தேடல் பட்டியல், இருந்தால் ஒவ்வொரு அழைப்பின் செலவும் வெகுவாகக் குறைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நான் பார்த்த அறிக்கையில் மருந்துக் குறியீடு முதன்மை விசையாக இருந்ததால் அதற்கு இண்டெக்ஸ் இருந்தது, கடைக் குறியீட்டுக்கு எந்த இண்டெக்ஸும் இல்லை. ஆகவே கடையின் பெயரைத் தேடும் ஒவ்வொரு முறையும் கடை அட்டவணை வரி வரியாகப் படிக்கப்பட்டது. அந்த ஓர் இண்டெக்ஸைச் சேர்த்ததிலேயே கண்கூடான முன்னேற்றம் கிடைத்தது. ஆனால் இண்டெக்ஸ் தேடலைத்தான் விரைவாக்கும்; வினவலை 20,000 முறை உருவாக்கி, திறந்து, மூடுகிற செலவை அது தொடுவதில்லை. தேடும் இடத்தில் அட்டவணைக்குப் பதிலாக, தன்னுள் பல அட்டவணை இணைப்புகளும் கூட்டல்களும் கொண்ட ஒரு சேமித்த வினவலின் பெயரைக் கொடுத்துவிட்டால், ஒவ்வோர் அழைப்பிலும் அந்த வினவலின் பளுவும் சேர்ந்துகொள்கிறது. வழித்தடத்தின் பெயர் அந்த வகையில்தான் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

அறிக்கை என்ற அமைப்பின் தனித்தன்மை இந்தச் சிக்கலை முதலில் மறைத்து, பின்னர் பெருக்குகிறது. முன்னோட்டம் பார்க்கும்போது ஆக்சஸ் பக்கங்களைத் தேவைக்கேற்பவே வடிவமைக்கிறது. வரியில் தனிப் பெட்டியாக வைத்த டிலுக்அப், அந்த வரி இருக்கும் பக்கம் வடிவமைக்கப்படும்போதுதான் ஓடுகிறது. ஆகையால் எழுதியவர் தம் கணினியில் முதல் பக்கத்தைப் பார்த்து, "உடனே வந்துவிட்டதே" என்று நிறைவடைகிறார். அடிக்குறிப்பில் "பக்கம் 1, மொத்தம் 96" என்று காட்ட மொத்தப் பக்க எண்ணிக்கையைச் சேர்த்துவிட்டால் நிலைமை மாறுகிறது. மொத்தம் எத்தனை பக்கம் என்று அறிய அறிக்கை முழுவதையும் ஒரு முறை வடிவமைத்தாக வேண்டும். பிறகு காட்டுவதற்காக மீண்டும் வடிவமைக்க வேண்டும். ஒரு பகுதி பக்கத்தில் இடம் கொள்ளாமல் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும்போதும் அதன் வடிவமைப்பு மறுபடி நடக்கலாம். இவ்வாறு 20,000 என்று நாம் போட்ட கணக்கு காகிதத்தில் மட்டுமே நிற்கிறது. உண்மையில் ஓடுவது அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

கூட்டுத்தொகையில் இன்னொரு பொறி இருக்கிறது. அறிக்கையில் ஒரு பெட்டியின் பெயரைச் சொல்லி அதைக் கூட்டும்படி கேட்க முடியாது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கணக்கீட்டுக் கோவையையே கூட்டல் ஃபங்ஷனுக்குள் எழுத வேண்டும். எனவே டிலுக்அப் மூலம் எடுத்த வரி விகிதத்தைப் பெருக்கி வரித்தொகை காட்டியவர், குழுவின் அடியில் மொத்தம் காட்ட அதே டிலுக்அப்பைக் கூட்டலுக்குள்ளும் எழுதுகிறார், அறிக்கையின் இறுதியில் பெருமொத்தத்துக்காக மூன்றாம் முறையும் எழுதுகிறார். திரையில் தெரிவது மூன்று எண்கள். பின்னால் ஓடுவது ஒவ்வொரு வரிக்கும் மூன்று மடங்குத் தேடல். டிலுக்அப்பை வினவலுக்குள்ளேயே ஒரு புலமாக எழுதி, அந்தப் புலத்தின்படி வரிசைப்படுத்தினால் முதல் பக்கம்கூட விரைவில் வராது, ஏனெனில் எல்லா வரிகளுக்கும் விடை கிடைத்த பின்னரே வரிசை அமையும். அதை நிபந்தனையில் வைத்தாலோ இண்டெக்ஸால் பயனில்லாமல் போகிறது. ஒவ்வொரு வரிக்கும் ஃபங்ஷனை ஓட்டிப் பார்த்த பிறகே அந்த வரி வேண்டுமா வேண்டாமா என்று முடிவாகும்.

இவையெல்லாம் கோப்பு ஒரே கணினியில் இருக்கும்போது பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவில் இருக்கலாம். சிறு நிறுவனங்களில் வழக்கமாகக் காணும் அமைப்பு வேறு: தரவு இருக்கும் கோப்பு ஒரு கணினியின் பகிர்வு அடைவில் இருக்கும், படிவங்களும் அறிக்கைகளும் உள்ள கோப்பு ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும். ஆக்சஸின் தரவு எஞ்சின் பகிர்வு அடைவில் இருந்துகொண்டு வேலை செய்வதில்லை. அறிக்கை ஓடும் கணினியில் இருந்தபடி, 4 கிலோபைட் பக்கங்களாகக் கோப்பை வலையமைப்பு வழியே இழுத்துப் படிக்கிறது. ஒவ்வொரு டிலுக்அப்பும் இந்தப் பயணத்தைக் கேட்கக்கூடும். அந்தக் கோப்புடன் வேறெந்தத் தொடர்பும் திறந்திராதபோது யார் திறந்திருக்கிறார்கள் என்று குறித்துவைக்கும் பூட்டுக்கோப்பை உருவாக்குவதும் அழிப்பதும்கூட ஒவ்வொரு முறையும் நேரலாம். பின்னணியில் தரவுக் கோப்பின் ஏதாவது ஒரு சிறிய அட்டவணையை, பயன்பாடு ஓடும் நேரம் முழுவதும் திறந்து வைத்திருப்பது இதற்குப் பழைய ஆக்சஸ் நிரலாளர்கள் சொல்லும் மருந்து. நானும் செய்து பார்த்தேன், பயன் தருகிறது. கம்பியில்லா இணைப்பில் வேலை செய்யும் மடிக்கணினியிலிருந்து இத்தகைய அறிக்கையை ஓட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தரவு எஸ்க்யூஎல் சர்வர் என்ற பெரிய தரவுத்தளத்தில் இருந்து, ஓடிபிசி என்ற இணைப்பு முறை வழியே இணைக்கப்பட்டிருந்தாலும் விடிவு இல்லை. டிலுக்அப் என்ற ஃபங்ஷன் சர்வருக்குத் தெரியாது என்பதால், அது இருக்கும் வினவலை முழுவதுமாக அங்கே அனுப்ப முடியாமல், வரிக்கு ஒரு சிறு கேள்வியாகத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியதாகிறது.

தீர்வு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஐந்து அட்டவணைகளையும் அறிக்கையின் மூல வினவலிலேயே இணைத்துவிடுவது. அப்போது எஞ்சின் ஒரே ஒரு முறை திட்டமிடுகிறது, அட்டவணைகளின் அளவையும் இண்டெக்ஸ்களையும் பார்த்து எந்த வழியில் இணைக்கலாம் என்று தானே முடிவெடுக்கிறது. நான் அப்படி மாற்றிய பிறகு அந்த மாத அறிக்கை, கணக்காளர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் முழுவதும் தயாராகிவிடுகிறது. ஆனால் டிலுக்அப்பை எடுத்துவிட்டு இணைப்பைப் போடுவது ஒரே பொருளை வேறு சொல்லில் எழுதுவது அன்று. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள், வேகம் கிடைத்த மகிழ்ச்சியில் எண்கள் மாறியதைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

டிலுக்அப்புக்கு விடை கிடைக்காவிட்டால் அது நல் என்ற வெறுமையைத் திருப்பித் தருகிறது. பெட்டி காலியாக இருக்கும், விற்பனை வரி அறிக்கையில் நிற்கும். அதன் இடத்தில் ஆக்சஸ் வழக்கமாகப் போடும் உள் இணைப்பை வைத்தால், பொருத்தம் இல்லாத அந்த விற்பனை வரியே அறிக்கையிலிருந்து மறைந்துவிடும், மொத்தம் குறைந்துவிடும். எனவே விற்பனை அட்டவணையின் எல்லா வரிகளையும் வைத்துக்கொள்ளும் இடது வெளி இணைப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். எதிர்ப்பக்கத்தில் இன்னும் பெரிய ஆபத்து உண்டு. கடை அட்டவணையில் ஒரே குறியீடு தவறுதலாக இரண்டு முறை பதிவாகியிருந்தால், டிலுக்அப் அவற்றுள் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். எதை எடுத்தது என்பதற்கு உறுதியும் கிடையாது. இணைப்போ அந்த விற்பனை வரியை இரண்டாக்கிக் காட்டி, தொகையை இரட்டிப்பாக்கும். நான் வேலை செய்த தரவில் இப்படி மூன்று கடைகள் இருந்தன. பல மாதங்களாக அவற்றின் பில்கள் தவறான வழித்தடத்தின் பெயரில் அச்சாகிக்கொண்டிருந்தது டிலுக்அப்பை நீக்கியபோதுதான் வெளிப்பட்டது. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் வரிகளின் எண்ணிக்கையையும் தொகையையும் எழுதி வைத்து ஒப்பிடாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஜிஎஸ்டி விகிதத்தின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. உயிர்காக்கும் மருந்துகள் சிலவற்றுக்கு வரியே இல்லாமல் போனது. மருந்துக் குறியீட்டை மட்டும் வைத்து விகிதத்தைத் தேடும் டிலுக்அப், அந்த மாத அறிக்கையில் 22ஆம் தேதிக்கு முன் போட்ட பில்லுக்கும் புதிய விகிதத்தையே காட்டும். இதைத் திருத்த, பில் தேதிக்குப் பொருந்தும் விகிதத்தைத் தேடும்படி நிபந்தனையை நீட்டினால், தேடல் இன்னும் மெதுவாகும். அதோடு நிபந்தனைக்குள் எழுதும் தேதியை ஆக்சஸ் அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில் வருவதாகவே படிக்கிறது. நாம் 05/10/2025 என்று அக்டோபர் ஐந்தை எழுதினால் அது மே பத்து என்று கொண்டு, பழைய விகிதத்தைத் தரும். 22/09/2025 என்று எழுதினால் 22ஆம் மாதம் இல்லாததால் நாள் முதலில் வருவதாகக் கொண்டு சரியாகவே வேலை செய்யும். ஆகவே சோதித்துப் பார்த்தவருக்குப் பிழை அகப்படாமலே போகலாம். விகித அட்டவணையில் தொடக்க நாள், முடிவு நாள் என்ற இரு புலங்களை வைத்து, பில் தேதி அவற்றுக்கு இடையில் அமையும்படி இணைப்பதே சரியான வழி. இத்தகைய இணைப்பை ஆக்சஸின் வடிவமைப்புத் திரையில் கோடு இழுத்து வரைய முடியாது, எஸ்க்யூஎல் பார்வையில்தான் எழுத வேண்டும் என்பதை ஒரு குறையாகவே பதிவு செய்கிறேன். பில் போடும்போதே அன்றைய விகிதத்தை அந்த வரியில் சேமித்துவிடும் வடிவமைப்பு இருந்திருந்தால் தேடலே தேவைப்பட்டிருக்காது.

இணைப்பு போட முடியாத இடங்களும் உண்டு. அங்கே, ஆக்சஸ் நிரலாளர் ஆலன் பிரௌன் எழுதி இலவசமாகத் தந்த ஈலுக்அப் என்ற மாற்று ஃபங்ஷன், பல விடைகள் இருக்கும்போது எந்த வரிசைப்படி முதலாவதை எடுப்பது என்று நான்காவதாகச் சொல்ல இடம் தருகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே அதை நான் டிலுக்அப்பைவிட மேலாக மதிக்கிறேன், ஆனாலும் வரிக்கு ஒரு வினவல் என்ற அடிப்படை அதிலும் மாறவில்லை. சிறிய அட்டவணையாக இருந்தால், அறிக்கை திறக்கும்போது அதை முழுவதுமாக, குறியீட்டைக் கொடுத்தால் பெயரைத் தரும் நினைவகப் பட்டியலான ஒரு டிக்‌ஷனரியில் ஏற்றிக்கொண்டு, பிறகு நினைவகத்திலிருந்தே பெயர்களை எடுப்பது நன்றாக ஓடுகிறது.

ஒப்பிடுவதற்காக, எஸ்க்யூஎல் சர்வரின் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் என்ற அறிக்கைக் கருவியில் உள்ள லுக்அப்பையும் பார்த்தேன். 2008 ஆர்2 பதிப்பில் வந்த இது, பெயரில் ஒத்திருந்தாலும் வேறு இனத்தைச் சேர்ந்தது. அறிக்கைக்குள் ஏற்கெனவே கொண்டுவந்து வைத்த இரண்டாவது தரவுத்தொகுப்பில் அது தேடுகிறது, தரவுத்தளத்திடம் மீண்டும் போய்க் கேட்பதில்லை. ஆகவே வரிக்கு ஒரு வினவல் என்ற நோய் இதில் இல்லை. அதற்கு விலையாக இரண்டாவது தொகுப்பு முழுவதும் அறிக்கைச் சர்வருக்கு வந்து சேர வேண்டும். பத்துப் பெயர்களுக்காக லட்சம் வரிகளை இழுத்து வரும் அறிக்கைகள் இப்படித்தான் உருவாகின்றன. ஒப்பிடும் இரு பக்கமும் ஒரே தரவு வகையாக இருக்க வேண்டும், ஒரு லுக்அப்புக்குள் இன்னொன்றை வைக்க முடியாது. இரண்டு தொகுப்புகளும் வெவ்வேறு சர்வர்களிலிருந்து வரும்போது இதற்கு ஈடான வசதி கிடைப்பது கடினம். இரண்டும் ஒரே தரவுத்தளத்தில் இருந்தால் இதைப் பயன்படுத்த எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. இதில் நான் மிகவும் விரும்புவது அளக்கும் வசதி: எக்ஸிக்யூஷன்லாக்3 என்ற பார்வையில், தரவைக் கொண்டுவர ஆன நேரம், செயலாக்க நேரம், வடிவாக்க நேரம் ஆகிய மூன்றும் மில்லி வினாடிக் கணக்கில் தனித்தனியே பதிவாகின்றன. லுக்அப்பின் செலவு முதலாவதில் சேராமல் மற்ற இரண்டில் சேரும் என்பதால், குற்றவாளி வினவலா அறிக்கையா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஆக்சஸ் அறிக்கைக்கு இப்படி ஒரு பதிவேடு கிடையாது. விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவகத்தில் ஜெட்‌ஷோபிளான் என்ற மறைவான அமைப்பை இயக்கி, அது எழுதும் உரைக்கோப்பைப் படித்துத்தான் எஞ்சின் போட்ட திட்டத்தை அறிய முடிகிறது.

டிலுக்அப்பை நான் முழுவதும் கைவிடவில்லை. படிவத்தில் ஒரு பொத்தானை அழுத்தியதும் ஒரு கடையின் கடன் வரம்பைப் பார்க்க, ஒரு பில் எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று சோதிக்க, அதைவிடச் சுருக்கமான வழி ஆக்சஸில் இல்லை. நிபந்தனைக்குள் பெயரை வைக்கும்போது மட்டும் டி'சோசா போன்ற, நடுவில் ஒற்றை மேற்கோள் குறி வரும் பெயர்கள் நிபந்தனையை உடைத்துவிடாதபடி அந்தக் குறியை இரட்டித்து எழுத வேண்டும்; முடிந்தவரை பெயரை விட்டுக் குறியீட்டு எண்ணால் தேடுவது நல்லது. அந்த மாத அறிக்கையில் இப்போது இரண்டே டிலுக்அப்கள் எஞ்சியிருக்கின்றன: நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணுக்கு ஒன்று, மொத்த விற்பனைக்கான 20பி, 21பி உரிம எண்களைச் சேர்த்து வைத்திருக்கும் புலத்துக்கு ஒன்று. இரண்டையும் ஒரே முறை வரும் அறிக்கைத் தலைப்பில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் அவற்றைக் காட்டும் பெட்டிகள் புதிதாகத் தேடாமல், தலைப்பில் உள்ள அந்த இரு பெட்டிகளின் மதிப்பையே எடுத்துக்கொள்கின்றன.